மூன்றாவது முறை கேட்டார்கள்

ஒரு விடுகதை போடுகிறேன், கோமதி. முதலில் விடையைச் சொல்லுங்க. அப்புறம் நீங்கள் கேட்க வந்ததைக் கேளுங்க.

வேண்டாம் என்றால் இங்கே இரண்டாகும். வேண்டாம் என்றால் அங்கே இல்லாமல் போகும். அது என்ன?

தெரியவில்லையா? பாப்பா, நீ சொல்லு. நிழலா? நல்ல யோசனைதான், ஆனால் நிழல் இல்லை. யோசித்துக்கொண்டே இந்த அதிரசத்தைச் சாப்பிடு. வேண்டாமா? சும்மா சொல்கிறாள் கோமதி. புது வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். கையில் வைங்க, தின்றுவிடுவாள்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிரபாவதி டீச்சர் நேற்றே போன் செய்துவிட்டார். அடுத்த வருஷமும் டான்ஸ் கிளாஸ் பிள்ளைகளைக் கலைப் பரிமாற்றம் என்று வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். உங்கள் பாப்பாவை அனுப்பலாமா, துணைக்கு நீங்களும் போகலாமா, ஓட்டலில் இல்லாமல் யார் வீட்டிலோ தங்க வைப்பார்களாமே, அவர்கள் எப்படிப்பட்ட மனுஷர்கள், இதைத்தானே கேட்க வந்தீர்கள்? என்னிடம் கேட்கச் சொல்லி டீச்சரே அனுப்பினாரா? அவருக்கு எவ்வளவு தைரியம் பாருங்க.

மனுஷர்கள் நல்லவர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். அடித்தார்களா, திட்டினார்களா, ஒன்றும் இல்லை. நல்லவர்கள் செய்கிற துரோகம் இருக்கிறதே, அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

போன ஜூன் மாதம் போனோம். எட்டுப் பிள்ளைகள், டீச்சர், துணைக்கு இரண்டு அம்மாக்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி விஜயராணி. மார்க்கெட் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்களே, அந்த வீட்டு அம்மா. அவள் மகள் காவியா. என் மகள் மிருதுளா உங்களுக்குத் தெரியும். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

நெதர்லாந்தில், வடக்கே, கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நம் கோவில்பட்டியில் ஒரு தெருவில் இருக்கிற ஜனம் அந்த ஊர் முழுக்க இல்லை. இரண்டு வாரம் பிள்ளைகள் அங்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், நம் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள், அவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வார்கள். கடைசி நாள் ஊர் மண்டபத்தில் நிகழ்ச்சி. அதில் குழு நடனம் போக, ஒரு பிள்ளை தனியாக ஆட வேண்டும்.

அந்தத் தனி நடனத்துக்காகத்தான் நான் போனதே. ஒளிக்க என்ன இருக்கிறது? மிருதுளாவை ஐந்து வயதில் கிளாஸில் சேர்த்தேன். காலையில் ஐந்தரைக்கு எழுப்பி, பால் கொடுத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். மழையானாலும் சரி, பரீட்சையானாலும் சரி. ஆரம்பத்தில் அழுவாள். வேண்டாம் வேண்டாம் என்பாள். பிள்ளைகள் ஊசிக்கும் அழும், பள்ளிக்கூடத்துக்கும் அழும். பிறகு அழவில்லை. அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டாளா?

தனி நடனத்துக்கென்று மதுரையில் கொடுத்து மயில் பச்சையில் உடை தைத்தேன். என் நாத்தனார் பத்மா இருக்கிறாளே, அவள் அந்த உடையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி அண்ணி, ஆட விடுவாங்களா, இல்ல கூட்டத்தோட கூட்டமா நிக்க வைப்பாங்களா?" என்றாள். "நீ டிவியில பாரு" என்றேன். பார்க்கத்தான் ஏற்பாடு. நிகழ்ச்சி அங்கே சாயங்காலம் நான்கு மணிக்கு. இங்கே இருட்டுகிற நேரம். போனிலிருந்து நேரடியாக நம் வீட்டு டிவியில் தெரியும்படி என் வீட்டுக்காரர் செய்து வைத்திருந்தார். சொந்தம் அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க.

காபி ஆறுகிறது, குடிங்க. இன்னொரு வாய் ஊற்றுகிறேன். இருக்கட்டும், இருக்கட்டும்.

எங்களுக்குக் கிடைத்த வீடு யானெக்கே என்று ஒருத்தியின் வீடு. என் வயதுதான் இருக்கும். மருந்துக்கடையில் வேலை. புருஷன் கப்பலில் இருக்கிறார், எப்போதோ வருவார். ஒரே மகள் ஃபென்னா, மிருதுளா வயது. பிள்ளைகளை மட்டும்தான் வீடுகளில் விடுவதாக இருந்தது. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் பெண்பிள்ளையை எப்படி விடுவது? "அப்படியானால் நீங்களும் வாருங்கள்" என்று யானெக்கே எனக்கும் மாடியில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தாள். நல்லவள். சொன்னேனே.

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். அவர்கள் பேசுவது பாதி புரியும், பதில் வராது. மிருதுளாதான் எனக்கு வாய். நான் தமிழில் சொல்வேன், அவள் அங்கே சொல்வாள். அவர்கள் சொல்வதை எனக்குச் சொல்வாள். ஏணி மாதிரி செங்குத்தாக ஒரு மாடிப்படி. அதில் நான் இறங்கி வருவதற்குள் அவள் கீழே நாலு சங்கதி பேசி முடித்திருப்பாள்.

போன அன்றைக்கு யானெக்கே காபி கொடுத்தாள். ஒரு தகர டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். பிஸ்கட். எனக்கோ நல்ல பசி. விமானத்தில் கொடுத்த எதுவும் இறங்கவில்லை. ஆனாலும் போனவுடன் கையை நீட்டுவார்களா? "வேண்டாங்க" என்றேன். மிருதுளா "நோ, தேங்க்யூ" என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், டப்பாவை மூடினாள், கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டாள்.

நான் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி சாப்பாடு ஆறு மணிக்கு. வெளியே பட்டப்பகல் மாதிரி வெயில். அந்த ஊரில் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. தெருவில் போகிறவர்கள் நம் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். அவித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், ஒரு துண்டு சீஸ். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள். "போதும் போதும்" என்றேன். போதும் என்றால் போதும்! பாத்திரத்தை மூடிவிட்டாள். காலையில் ரொட்டி. மேசையில் அதன் மேல் தடவிக்கொள்ள ஏழெட்டுப் பாட்டில். ரொட்டி மேல் தூவிக்கொள்ள சாக்லேட் தூள்கூட இருந்தது. எது வேண்டும் என்று மிருதுளாவைக் கேட்டாள். பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், முகர்ந்தாள், கடைசியில் ஒன்றை எடுத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு ரொட்டிக்குக் கால் மணி நேரமா? நம் வீட்டில் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, "சீக்கிரம் முழுங்கு, வண்டியை எடுக்கப் போறேன்" என்றால் முடிந்தது. அங்கே ஓயாமல் கேள்வி. பால் சூடாகவா ஆறியா, இந்தப் போர்வையா அந்தப் போர்வையா, நடக்கிறாயா சைக்கிளா. பிள்ளையிடம் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க.

என்னையும் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். டப்பா மூடிக்கொண்டது.

பார்த்தீர்களா, பாப்பா விடையைக் கண்டுபிடித்துவிட்டாள். என்ன சொன்னாய்? பலகாரமா? சரிதான். சாப்பிடக் கொடுக்கிற எதுவும்தான். கெட்டிக்காரி. இதற்காகவே இன்னொரு அதிரசம்.

நம் வழக்கம் என்ன? முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவை வேண்டாம் என்பது கூச்சம். மூன்றாவது தடவை சொல்வதுதான் நிஜம். வீட்டுக்காரிக்கு அது தெரியும், வந்தவளுக்கும் தெரியும். யாருக்கும் சங்கடம் இல்லை. இதை ஒருவர் சொல்லிக் கொடுத்தா நாம் கற்றுக்கொண்டோம்? என்னையே எடுத்துக்கொள்ளுங்க. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று, "என்னம்மா, சம்மதமா?" என்று எங்கள் அப்பா கேட்டார். நான் வேண்டாம் என்றேன். வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே பூ வைக்க வந்துவிட்டார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. காலேஜ் ஒரு வருஷம் பாக்கி இருந்தது, அது கிடக்கட்டும். எல்லாம் நல்லபடியாகத்தானே நடந்தது? இந்த வீட்டைப் பாருங்க. எனக்கு என்ன குறை?

எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், பசி. யானெக்கேக்குப் பரிசாகக் கொடுக்கக் கடலை மிட்டாய் கொண்டுபோயிருந்தேன். நம் ஊர்ச் சரக்கு ஆயிற்றே. மூன்றாம் நாள் மாடி அறையில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை நானே பிரித்துத் தின்றுகொண்டிருந்தேன். மிருதுளா உள்ளே வந்துவிட்டாள்.

"அம்மா, பசிக்குதா உனக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"கீழதான் ரொட்டி இருக்கே. யானெக்கே கேட்டாங்கல்ல?"

"ஒரு தடவை கேட்டா போதுமா? வெக்கமில்லாம எடுத்துக்கவா?"

அவள் கீழே போனாள். மறுநாள் காலையில் என்ன நடந்தது தெரியுமா? யானெக்கே ரொட்டித் தட்டை நீட்டினாள். "செண்பகம், பிரெட்?" நான், "நோ, நோ" என்றேன். அவள் தட்டை விலக்கவில்லை. "செண்பகம், பிரெட்?" "ஐயோ, வேண்டாங்க." மூன்றாவது தடவை, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டி, "செண்பகம், பிரெட்?" "சரி, ஒண்ணே ஒண்ணு" என்று எடுத்துக்கொண்டேன். ஃபென்னா என்ற அந்தக் குட்டி விரலை விட்டு எண்ணிக்கொண்டே இருந்தவள் மூன்று வந்ததும் கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மிருதுளாதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் அம்மா வேண்டாம் என்றால் மூன்று தடவை கேட்க வேண்டும், அப்போதுதான் உண்மை வரும் என்று. பெற்ற பிள்ளை, தாயின் பசி அறிந்து சொல்லியிருக்கிறாள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்றிலிருந்து யானெக்கே எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்பாள். காபி மூன்று தடவை, கிழங்கு மூன்று தடவை. நம் ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். எனக்கென்று கொண்டுபோன சுங்குடிச் சேலையை அவளுக்கே கட்டிவிட்டேன். அவள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை, உடனே வாங்கிக்கொண்டாள். அதுகூட எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அந்த அளவுக்கு நம்பினேன்.

ஃபென்னாவும் மிருதுளாவும் ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஊர் மண்டபத்தில் பெரிய சிவப்புத் திரை. பக்கத்தில் தொங்குகிற கயிற்றைப் பிடித்துக் கையால்தான் இழுக்க வேண்டும். அது ஃபென்னாவின் வேலை. ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் மிருதுளா அந்தக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு மேடைக்கு அனுப்புவேன். "எப்போ இழுக்கணும்னு உள்ள பாத்துட்டே இருக்கணும்மா, ஒரு செகண்ட் முந்தினாலும் போச்சு" என்று என்னமோ பெரிய வித்தை மாதிரி என்னிடம் சொன்னாள். திரை இழுக்கவா மதுரையில் உடை தைத்தேன்?

இப்போது நடந்ததைக் கேளுங்க.

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹெங்க் என்று ஒருவர் யானெக்கே வீட்டுக்கு வந்தார். இதையெல்லாம் ஏற்பாடு செய்தவர் அவர்தான். வெள்ளைத் தாடி, வயதானவர். விஜயராணியும் காவியாவும் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். அவர்களும் கூடவே வந்திருந்தார்கள். காபி, பிஸ்கட் எல்லாம் ஆயிற்று. ஹெங்க் மெதுவாகப் பேச, மிருதுளா எனக்குச் சொன்னாள்.

"அம்மா, தனி நடனத்துக்கு டீச்சர் ரெண்டு பேரைச் சொல்லியிருக்காங்களாம். நான், காவியா. ஆனா ஒருத்தருக்குத்தான் நேரம் இருக்காம். டீச்சர், அம்மாக்களே பேசி முடிவு பண்ணிக்கட்டும்னு சொல்லிட்டாங்களாம். நான் பெரியவங்கறதால உன்ன முதல்ல கேக்கறாரு. நான் ஆடட்டுமானு கேக்கறாரு."

டீச்சரைப் பாருங்க. பழி தன் மேல் விழாமல் நழுவிவிட்டார்.

நான் என்ன சொல்ல முடியும்? எதிரே விஜயராணி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "ஆமாம், என் பிள்ளைக்குத்தான் வேண்டும்" என்று பாய்ந்து பிடுங்கிக்கொள்வதா? நாலு பேர் நடுவில் ஒரு நாகரிகம் இல்லையா? "பரவாயில்லைங்க, மிருதுளாவுக்கு வேண்டாம். காவியாவுக்கே குடுங்க" என்றேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "ஐயோ, என்னக்கா இப்படிச் சொல்றீங்க, மிருதுளாதான் ஆடணும்" என்பீர்கள். நான் "இல்லைம்மா" என்பேன். நீங்கள் "அதெல்லாம் முடியாது, மிருதுளாதான்" என்பீர்கள். சரி என்று அரை மனதாக ஒத்துக்கொள்வதுபோல நான் ஒத்துக்கொள்வேன். அவ்வளவுதானே விஷயம்?

மிருதுளா ஹெங்க்கிடம் சொன்னாள். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே சொன்னாள். அதை நான் என் காதால் கேட்டேன். ஹெங்க் விஜயராணி பக்கம் திரும்பினார்.

அவள் "ஓகே" என்றாள்.

கேட்டவுடன் ஓகே! ஒரு தடவை மறுக்கவில்லை, "அப்படியாக்கா" என்று ஒரு வார்த்தை இல்லை. பத்து நாளில் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள். பிஸ்கட் டப்பாவை மூடுகிற மாதிரி அந்தப் பேச்சை மூடிவிட்டார்கள். ஹெங்க் எழுந்து கைகொடுத்தார். "ரொம்பப் பெருந்தன்மைனு சொல்றாரும்மா" என்றாள் என் மகள்.

நான் அன்று முழுவதும் காத்திருந்தேன். திரும்பக் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள் என்று. யானெக்கே ஒரு ரொட்டிக்கே மூன்று தடவை கேட்கிறவள். இதற்குக் கேட்க மாட்டாளா? சாப்பாட்டு மேசையில் கேட்பாள் என்று பார்த்தேன். கிழங்கைத்தான் மூன்று தடவை கேட்டாள். மறுநாள் மண்டபத்து வாசலில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. தனி நடனம், காவியா.

வீட்டில் டிவியைச் சுற்றி யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பத்மா முன்வரிசையில் உட்காருவாள்.

மிருதுளா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளுக்காகக் காத்திருக்க முடியவில்லை. மருந்துக்கடைக்கே போய்விட்டேன். யானெக்கே வெள்ளைக் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை நோ... நாட் நோ" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "டான்ஸ். மிருதுளா. ஐ நோ சொன்னேன். பட் நாட் நோ. பிரெட் மாதிரி. பிரெட்!" என்றேன். பிரெட் என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முகமே மாறிப்போயிற்று.

அவள் வலது கையில் மூன்று விரலைக் காட்டினாள். "பிரெட்" என்றாள். பிறகு இடது கையில் ஒரு விரலைக் காட்டினாள். "டான்ஸ்" என்றாள். அப்புறம் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக, "நான் கேட்டேன். மிருதுளாவைக் கேட்டேன். அவள் சொன்னாள்" என்றாள்.

புரிகிறதா உங்களுக்கு? ஹெங்க் போனதும் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இதுவும் ரொட்டி மாதிரி மூன்று தடவை கேட்க வேண்டிய வேண்டாமா, இல்லை நிஜ வேண்டாமா என்று என் மகளைக் கேட்டிருக்கிறாள். என் மகள் ஒரு விரலைக் காட்டியிருக்கிறாள். இது நிஜம் என்று. இனி கேட்க வேண்டாம் என்று.

தாய் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்துதானே ரொட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாள்! தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

யானெக்கேயாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் சேலையைக் கட்டிக்கொண்டு, என் ரசத்தைக் குடித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு என் பிள்ளையைப் போய்க் கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் மிருதுளா வந்ததும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"ஏட்டி, யானெக்கேகிட்ட என்ன சொன்ன?"

"எதைம்மா?"

"அம்மா சொன்னது நிஜ வேண்டாம்னு சொன்னியா?"

அவள் படுக்கையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். "நீதானே சொன்ன" என்றாள்.

"சாப்பாட்டுக்குச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல? இதுக்குச் சொல்லத் தெரியலையா?"

"பசிச்சது உனக்கும்மா."

"அப்ப இது?"

"இது ஆடறது நான்ல."

பதினொரு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? அந்த வீட்டில் கற்றது. பால் சூடாகவா ஆறியா என்று கேட்டுக் கேட்டு ஏற்றிவிட்டது. நான் அடிக்கவில்லை. கை ஓங்கினேன், அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளைக் கேட்டேன், "ஆறு வருஷமா உன்னைத் தூக்கிச் சுமந்தேனே, எனக்கு நீ செய்யறது இதுதானா?" என்று. எப்போதும்போல ஒன்றும் சொல்லவில்லை.

நான் விடவில்லை. டீச்சரிடம் போனேன். "நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களாமே" என்றார். விஜயராணியிடம் போனேன். "குடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்களாக்கா? நீங்களா குடுத்ததுதானே" என்றாள், காவியாவின் தலையைப் பின்னிக்கொண்டே. கடைசியில், நிகழ்ச்சி அன்றைக்கு, மிருதுளாவையும் இழுத்துக்கொண்டு ஹெங்க்கிடமே போய் அழுதேன். ஆமாம், அழுதேன், என்ன செய்வது? அவர் யோசித்தார். ஐந்து நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், இரண்டு பிள்ளைகளும் தனித்தனியாக ஆடட்டும் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெள்ளைக்கார மனுஷருக்கு இருந்த இரக்கம் என் பிள்ளைக்கு இல்லை பாருங்க.

ஆனால் ஒன்று சொன்னார். பிள்ளையைக் கேட்க வேண்டும் என்றார்.

எதற்குக் கேட்க வேண்டும்? நான்தான் சொல்கிறேனே. அதெல்லாம் முடியாது, கேட்டுவிட்டுத்தான் என்று யானெக்கேயும் சேர்ந்துகொண்டாள். அங்கே அதுதான் சட்டம் போல.

சரி, கேளுங்கள் என்றேன். ஒன்று மட்டும் யோசித்தேன். இவள் என் மகள். என்னைப் போலத்தான் இருப்பாள். சபையில் கேட்டால் கூச்சத்தில் வேண்டாம் என்றுதான் முதலில் வாயில் வரும். அதை அவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுவார்கள். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. "எங்கள் வழக்கப்படி மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்றாவது தடவை என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு. அதற்கு நான் கட்டுப்படுகிறேன்" என்றேன். இதையும் ஹெங்க்குக்கு மிருதுளாதான் எடுத்துச் சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் சரியாகத்தான் சொன்னாள். அவர் மூன்று விரலைக் காட்டி, சரிதானே என்று என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன்.

பாப்பா கையில் இருக்கிற அதிரசம் அப்படியே இருக்கிறதே. பரவாயில்லை, பேப்பரில் சுற்றித் தருகிறேன், வீட்டுக்குப் போய்த் தின்னட்டும்.

மிருதுளா இப்போது எங்கே என்றா கேட்டீர்கள்? மேலேதான் இருக்கிறாள். கிளாஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், நான் நிறுத்தவில்லை. திங்களும் வியாழனும். அந்த இரண்டு நாளும் வயிற்றுவலி வருகிறது. நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்ட வேண்டும். உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் சொல்லுங்க.

மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை. நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகள் அலங்காரம் முடித்து வரிசையாக நின்றார்கள். மிருதுளாவுக்குக் குழு நடனத்து உடை போட்டிருந்தது. மயில் பச்சை உடையும் சலங்கையும் என் கையில் தயாராக இருந்தன. போன் மேடைக்கு எதிரே நாற்காலியில் கட்டி வைத்தாயிற்று. நம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டதாக இவர் செய்தி அனுப்பியிருந்தார். பத்மா இரண்டு பேரைக் கூடுதலாகக் கூட்டி வந்திருந்தாளாம்.

ஹெங்க் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அந்த வயதில் முட்டியை மடக்கி, அவள் முகத்துக்கு நேராக. யானெக்கே சுவரோரமாக நின்றாள். என் சேலையைத்தான் கட்டியிருந்தாள். தனியாக ஆடுகிறாயா என்று கேட்டார்.

"நோ, தேங்க்யூ" என்றாள்.

நான் பயப்படவில்லை. நானும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது முறை கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சலங்கையைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தேன்கூட. அவள் ஹெங்க் பக்கம் திரும்பி, "நோ" என்றாள்.

வெளியே ஜனம் வந்து உட்காருகிற சத்தம் கேட்டது. இன்னொன்று இருக்கிறது, இன்னொன்று இருக்கிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை கேட்டார்கள்.

வேண்டாம், நான் ஃபென்னாவோடு திரை இழுக்கிறேன் என்றாள்.

குழு நடனத்தில் எல்லோரோடும் ஆடினாள். பிறகு காவியா தனியாக ஆடினாள். மிருதுளா திரை இழுத்தாள்.